அளவுநாவும் ஏழாம் ஷட்டரும்

"இன்னைக்கு எம்மேல எவ்வளவு?" என்று சங்கிலி கேட்டான்.

பல் துலக்கிக்கொண்டிருந்த பூவழகி வாயைக் கொப்பளித்துவிட்டு, "எழுபத்தெட்டு" என்றாள்.

"நேத்து எண்பத்தி ஒண்ணுல்ல?"

"நேத்து பாத்திரம் கழுவுனீங்க."

சங்கிலி முணுமுணுத்துக்கொண்டே தன் மூச்சுத்தொப்பியை எடுத்துத் துடைத்தான். செவ்வாய்க் கிரகத்தில் விஞ்ஞானியைக் கட்டிக்கொண்டவர்கள் வீட்டில் எல்லாம் காலைப் பேச்சு இப்படித்தான். நூற்றுக்கு இத்தனை பிரியம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். நூறு வாங்கியவர் யாரும் இல்லை. பெண் பார்க்கப் போன அன்று, "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று சங்கிலி கேட்டதற்கு, பூவழகி சபை நடுவில் "அம்பத்தெட்டு" என்று சொன்னவள். அவனுடைய தம்பி சிவனாண்டி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். சங்கிலிதான் "அம்பத்தெட்டு போதும்" என்று சொல்லி மாலையை வாங்கிக்கொண்டான்.

எல்லாவற்றுக்கும் காரணம் அளவுநா. விஞ்ஞானிப் பட்டம் வாங்கும் அன்றே தொண்டையில் ஒரு சில்லும், எழுதுகிற கையின் மணிக்கட்டில் ஒரு சில்லும் வைத்துவிடுவார்கள். தனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் சொல்லப் போனால் நாக்கு மரத்துப்போகும். எழுதப் போனால் விரல் மடங்கிக்கொள்ளும். ஆராய்ச்சி விஷயத்தில் வா, போ, ஓடு என்றும் சொல்ல வராது. அறிவியல் எடுத்துச் சொல்லலாம், ஏவக் கூடாது என்பது சட்டம்.

சட்டம் கெட்ட எண்ணத்தில் வரவில்லை. முன்பு சில விஞ்ஞானிகள் கைநீட்டிக் காசு வாங்கிக்கொண்டு, பாதி தெரிந்த மருந்தை முழு நல்லது என்றார்கள். விரிசல் விட்ட கூரையைப் பார்த்து நூறு வருஷம் தாங்கும் என்றார்கள். ஆட்கள் செத்தார்கள். அதனால் மிகையுரைத் தடைச் சட்டம் வந்தது. அரசியல்வாதி, வியாபாரி, ஜோசியக்காரன், பக்கத்து வீட்டுக்காரன் இவர்களுக்கும் சில்லு வைக்கலாமே என்று சட்டசபையில் ஒருவர் கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

ஆக, ஊரில் வாய்க்கு வந்ததைச் சொல்ல எல்லோருக்கும் உரிமை இருந்தது. தெரிந்தவர்களுக்கு மட்டும் இல்லை.

அவர்கள் குடியிருந்தது தரைக்கடியில் இருக்கும் பொந்தில். எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடி வடிந்துபோன பாதை அது. லாரி இரண்டு எதிரெதிரே போகிற அகலம். வாயை அடைத்து உள்ளே காற்றை நிரப்பிவிட்டால் வீடு. கிழக்குப் பொந்தில் சுரங்கம் தோண்டும் ஆட்கள் குடும்பத்தோடு நானூறு பேர் இருந்தார்கள், பூவழகியும் சங்கிலியும் அங்கேதான். மேற்குப் பொந்து சாமான் அடுக்கிவைக்கிற கிட்டங்கி. வடக்குப் பொந்தில் ஆபீஸ்காரர்கள்.

பூவழகியின் வேலை பாறைக்குக் காது கொடுப்பது. சுவர்களில் துளை போட்டு நூற்றுக்கணக்கில் பாறைக்காதுகள் புதைத்திருந்தாள். மயிரிழை விரிசல் விட்டாலும் அவை கேட்டு அவளுடைய காதுக்குள் கணக்குச் சொல்லும். கிழக்குப் பொந்தில் அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. செவ்வாய்ப் பாறையின் இடுக்குகளை ஒட்டவைத்திருப்பது பனிக்கட்டி. நானூறு பேர் சமைத்து, குளித்து, மூச்சு விட்ட சூட்டில் அந்தப் பனி உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தது. சிமெண்டு கரைந்த சுவர் மாதிரி, கல் மட்டும் கல்லின் மேல் நின்றது.

அன்று காலை கணக்கு எழுபத்தொன்று.

சுவர்வாய் என்ற ஒலிபெருக்கி தினமும் போல அறிவித்தது. "பாறை நிலவரம். கிழக்குப் பொந்தின் கூரை இந்த வாரத்துக்குள் சரிவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு எழுபத்தொன்று. அடுத்து, நேயர் விரும்பிய பாடல்." பாட்டுக்காகக் காத்திருந்தவர்கள் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.

பூவழகி குழாயடிக்குப் போனாள். அங்கே கூட்டம் இருக்கும்.

"எழுபத்தொண்ணு ஆயிருச்சு" என்றாள்.

"அப்ப இருபத்தொம்பது நம்ம பக்கம் இருக்குல்ல மதினி?" என்றான் சிவனாண்டி. பூமிக்குத் திரும்பிப் போக வருஷம் ஒருவருக்குக் குலுக்கலில் இடம் கிடைக்கும். செவ்வாய் முழுக்க இருக்கிற நாற்பதாயிரம் பேரில் ஒருவர். அதற்காகப் பெட்டி கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிற ஆள் அவன்.

"எங்க அக்கா மகளுக்கும் டாக்டரு இப்பிடித்தேன் என்னமோ நம்பரு சொன்னாரு" என்றாள் அடுத்த வீட்டுப் பெருமாயி. "புள்ள இப்ப குத்துக்கல்லாட்டம் இருக்கு. நீ இந்தக் கொடத்தக் கொஞ்சம் தூக்கிவிடு ஆத்தா."

"கூரை..." என்று ஆரம்பித்தாள் பூவழகி. விழப்போகிறது, ஓடுங்கள் என்பது நெஞ்சு வரை வந்தது. நாக்கு மரத்தது. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி எச்சில் ஒழுகியது. பெருமாயி முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"ராத்திரி கண்ணு முழிக்காத. உடம்பு சூடு."

நாக்கு உயிர் பெற்றதும் பூவழகி நேரே வடக்குப் பொந்துக்கு, மேலாளர் தனராஜிடம் போனாள்.

"இடியுமா, இடியாதாம்மா?" என்று கேட்டார் தனராஜ்.

"எழுபத்தொண்ணு சார்."

"நான் நம்பர் கேக்கல. வார்த்தை கேக்கறேன். விதியில என்ன இருக்கு? 'நிச்சயம்'னு விஞ்ஞானி சொன்னா பொந்தைக் காலி பண்ணணும். சொல்லுங்க. இந்த நிமிஷமே சங்கு ஊதறேன்."

"நிச்..." என்றாள் பூவழகி. வாய் கோணிக்கொண்டது.

தனராஜ் இரக்கத்தோடு தண்ணீர் கொடுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சங்கு ஊதினால் தோண்டுகிற வேலை நிற்கும், பூமியிலிருந்து ஆயிரம் கேள்வி வரும் என்று பயந்தவர், அவ்வளவுதான்.

"சரி, அந்த வார்த்தை எப்ப வரும் உங்களுக்கு?"

"இடிஞ்சதுக்கப்புறம் சார்."

 தனராஜுக்கு முகம் தெளிந்தது. "அப்ப அது வரைக்கும் பொறுத்துப் பாப்போமே."

இவர்களிடம் எதைச் சொல்லி அழுவது? பூவழகி வீட்டுக்கு வந்து பாயைச் சுருட்டினாள். இரண்டு சேலையைக் கட்டைப்பையில் திணித்தாள். இடியும் என்று சொல்லத்தானே வராது? பயமாக இருக்கிறது என்று சொல்ல வரும். பயம் அவளுடையது, அதற்கு ஆதாரம் கேட்க முடியாது.

"நான் மேற்குப் பொந்துல போய்த் தூங்கப் போறேன். இங்க இருக்க எனக்குப் பயமா இருக்கு" என்றாள் சங்கிலியிடம்.

"ஆபீஸே சும்மா கெடக்கு, உனக்கு என்ன? மத்தியானம் எனக்கு ஷிப்ட் இருக்கு" என்றான் அவன். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாத்திரம் கழுவலன்னா இம்புட்டுக் கோவமா?" என்றான்.

வாசலைத் தாண்டவில்லை, பெருமாயி வழி மறித்துவிட்டாள். "என்னத்தா, பையத் தூக்கிட்டுக் கெளம்பிட்ட? கை நீட்டிட்டானா?"

"இல்லக்கா. இங்க தூங்கப் பயமா இருக்கு."

"புருசன் பக்கத்துல படுக்கப் பயமா? அப்ப விசயம் பெருசுதேன்."

பூவழகி மேற்குப் பொந்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே, அவளுக்கும் சங்கிலிக்கும் கல்யாணத்தையே தீர்த்துக்கொள்கிற அளவுக்குச் சண்டை என்று கிழக்குப் பொந்து முழுக்கப் பேச்சாகிவிட்டது. சிவனாண்டி அண்ணனுக்குப் புத்தி சொல்லப் போனான். நாலு பேர் சமாதானம் பேச நாள் பார்த்தார்கள். கூரையைப் பற்றி மட்டும் ஒருவர் கூடப் பேசவில்லை.

மேற்குப் பொந்தில் இரண்டு பக்கமும் வரிசையாக ஷட்டர்கள். பூமியிலிருந்து கப்பல் வந்தால் சாமான் இங்கேதான் கொடுப்பார்கள். எந்த ஷட்டர், என்ன சாமான் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால் நெரிசலாகிறது என்று ஆபீஸ் நிறுத்திவிட்டது. அதனால் ஜனங்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். எந்த ஷட்டர் முன்னால் கையில் பையோடு ஆள் நின்றாலும் பின்னால் போய் நின்றுவிடுவார்கள். எதற்கு என்று கேட்பதெல்லாம் நின்றபிறகுதான்.

கால் ஓய்ந்துபோய் ஏழாம் ஷட்டரில் சாய்ந்து நின்றாள் பூவழகி. கையில் கட்டைப்பை. அந்தப் பக்கம் சக்கர வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒருவன் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு அவள் பின்னால் நின்றான். அவனைப் பார்த்து இன்னொருவன். சமாதானம் பேச வந்த பெருமாயி மூன்றாவதாக நின்றாள்.

"என்ன குடுக்குறாக?"

"எதுவும் குடுக்குறதா எனக்குத் தகவல் இல்லக்கா" என்றாள் பூவழகி. உண்மை. நாக்கு தடுக்கவில்லை.

பெருமாயி பின்னால் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினாள். "ஆபீசு ஆளுல்ல, வாயத் தெறப்பாளா? புருசங்கூடச் சண்டைன்னு சொல்லிட்டு மொத ஆளா வந்து நிக்கிறா பாரு. பெரிய சாமான்தேன்."

வாழ்நாளில் பூவழகி சொன்ன எந்த வாக்கியமும் இவ்வளவு வேகமாகப் பரவியதில்லை. தகவல் இல்லை என்று அவள் சொன்னது, குழாயடிக்குப் போய்ச் சேரும்போது சின்ன வெங்காயம் வந்திருக்கிறது என்று ஆகியிருந்தது. பூமியில் விளைந்த, உரித்தால் கண் எரிகிற நிஜமான சின்ன வெங்காயம். தலைக்கு அரைக்கிலோ.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வருகிறார்கள். யாரையும் கூப்பிடாமலேயே வருகிறார்கள்.

வந்தார்கள். ஆளுக்கொரு மூச்சுத்தொப்பியை வரிசையில் வைத்தார்கள். திரும்பிப் போய்விட்டார்கள்.

இதுவும் அங்கே பழக்கம்தான். காற்று ஒழுகினால் போட்டுக்கொள்வதற்கென்று, தூங்கும்போது கூடக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய தொப்பி. அதைத்தான் இடம் பிடிக்கப் போடுவார்கள். சிவனாண்டி வந்து தன் தொப்பியையும் அண்ணன் தொப்பியையும் வைத்துவிட்டு, "ஷட்டரு தெறந்தா ஒரு கொரல் குடுங்க மதினி, அடுப்புல சோறு கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். பெருமாயியும் தொப்பியை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் பொந்தின் கோடி வரைக்கும் தொப்பிகள். ஆள் பத்துப் பேர் கூட இல்லை.

காதுக்குள் பாறைக்காது கணக்கு சொன்னது. எழுபத்தொன்பது. எண்பத்து நான்கு. எண்பத்தெட்டு.

கூரை விழப்போகிற வீட்டில் ஆட்கள். பத்திரமான இடத்தில் தொப்பிகள். பூவழகிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. கத்தப் போனாள். நாக்கு கட்டையாகிவிட்டது. சில்லு தொண்டையில் இருந்தது, மணிக்கட்டில் இருந்தது. காலில் இல்லை. சட்டம் எழுதியவர்களுக்குக் கால் ஞாபகமே வரவில்லை.

சங்கிலி என்று பெயர் எழுதிய தொப்பியை ஓங்கி ஒரு உதை விட்டாள். அது சுவரில் மோதி, கடகடவென்று உருண்டு வளைவைத் தாண்டிப் போனது. அடுத்தது சிவனாண்டியுடையது. அதற்கடுத்தது பெருமாயியுடையது.

நின்றிருந்த ஏழெட்டுப் பேரும் கிழக்கே பார்த்து ஓடினார்கள். "ஏலே! தொப்பிக்கு எடம் இல்லியாம்டா! வீசியெறியுறாக! ஆளு நின்னாத்தேன் உண்டாம்!"

இந்த அறிவிப்புக்குச் சுவர்வாய் தேவைப்படவில்லை. ஈரத் தலையோடு பெருமாயி வந்தாள். ஷிப்டுக்குக் கிளம்பிய சங்கிலி அப்படியே வந்தான். சிவனாண்டி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தான். தலைக்கு அரைக்கிலோ என்பதால் தலை எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். தொட்டில் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். நடக்க முடியாதவர்களைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். "எந்தொப்பியத் தொட எவளுக்குடி உரிம?" என்று பெருமாயி பூவழகியின் முடியைப் பிடித்தாள். சங்கிலி குறுக்கே விழுந்தான். யார் முன்னால் யார் பின்னால் என்று நானூறு பேரும் நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தபோது, தரை ஒரு தடவை எழும்பி உட்கார்ந்தது.

கிழக்குப் பொந்தின் இரும்புக் கதவு தானாக விழுந்து மூடிக்கொண்டது. அதற்குப் பின்னால், பெரிய வண்டியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நெடுநேரம் கொட்டியது.

உள்ளே இருந்தது சட்டி பானையும், சிவனாண்டி கட்டிவைத்த பெட்டியும்தான்.

 பெருமாயிதான் முதலில் பேசினாள். பூவழகியின் முடியை இன்னும் விடவில்லை.

"அப்ப வெங்காயம்?"

ஷட்டரைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே வெறும் சாக்குகள். ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆபீஸ் முன்னால் ஒரு நாள் கோஷம் போட்டார்கள். பிறகு யோசித்தார்கள். சாமான் இல்லாத ஷட்டர் நானூறு பேரையும் இழுத்து வந்திருக்கிறது என்றால், அது சும்மாவா? ஏழாம் ஷட்டருக்குப் பொட்டு வைத்தார்கள். குங்குமத்துக்குப் பஞ்சமில்லை, செவ்வாய் மண்ணைக் குழைத்தாலே போதும். விளக்கு ஏற்றினார்கள். ஆபீஸ் வடக்குப் பொந்தில் இடம் ஒதுக்கியது. காப்பாற்றிய ஷட்டரை விட்டுவிட்டு வர முடியாது என்று எல்லோரும் அங்கேயே பாயை விரித்தார்கள்.

பூவழகியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பூமியிலிருந்து மூன்று பேர் திரையில் வந்தார்கள், ஒவ்வொரு கேள்வியும் வந்து சேரக் கால் மணி நேரம் ஆனது.

"தொப்பியை உதைத்தபோது உங்களிடம் இருந்த அளவு என்ன?"

"எண்பத்தெட்டு."

"உதையின் அளவு?"

அவளுக்குப் புரியவில்லை.

"உதை என்பது நூறு" என்றார் நடுவில் இருந்தவர். "எண்பத்தெட்டுக்கு யாரும் உதைப்பதில்லை. ஆகவே பன்னிரண்டு பங்கு மிகையுரை, காலால் செய்யப்பட்டிருக்கிறது."

நானூறு உயிர்களைக் காப்பாற்றியதற்குத் தீர்ப்பின் கடைசியில் ஒரு வரி பாராட்டு இருந்தது. அதற்கு முந்திய வரியில், இனி விஞ்ஞானிகள் அனைவருக்கும் முழங்காலிலும் சில்லு வைப்பது என்று இருந்தது. முதல் அளவுக்கால் பூவழகிக்குத்தான் வைத்தார்கள்.

சில மாதங்கள் போயின. நானூறு பேரின் சமையல், குளியல், மூச்சு, அதற்கு மேல் ஏழாம் ஷட்டர் முன்னால் இடைவிடாமல் எரிகிற விளக்குகள். மேற்குப் பொந்தின் பாறை இடுக்குகளிலும் பனி இளகியது. கணக்கு அறுபத்து நான்கு என்று சுவர்வாய் அறிவித்தது.

பூவழகி ஷட்டர் முன்னால் போய் நின்றாள். இந்தத் தடவை ஊரே எழுந்து நின்றது. அவளுக்கு இப்போது மரியாதை உண்டு.

"மேற்குப் பொந்து சரியறதுக்கு வாய்ப்பு..."

"நம்பரு வேணாம் மதினி" என்று சிவனாண்டி கும்பிட்டான். "அந்தப் பேச்செல்லாம் எங்களுக்கு வெளங்காது. நீங்க உதைங்க. நீங்க உதைச்சா நாங்க நம்புறோம்."

"ஆமா ஆத்தா, உதை!" என்று பெருமாயி தன் தொப்பியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தாள்.  குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள்.

பூவழகி காலை ஓங்கினாள். முழங்காலில் சில்லு சுறுக்கென்றது. கால் பாதிக்குக் கொஞ்சம் மேலே போய், அந்தரத்தில் நின்றுவிட்டது. வியர்த்துக் கொட்டியது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு உந்தினாள். அசையவில்லை. கால் அறுபத்து நான்கு பங்கு உயர்ந்து நின்று நடுங்கியது.

பெருமாயி குனிந்து, பக்கவாட்டில் பார்த்தாள். "முழுசாத் தூக்கலையே."

"அன்னைக்கு என்னமா உதைச்சா! தொப்பி வளைவு தாண்டிப் போச்சே" என்றான் ஒருவன்.

"அப்ப ஒண்ணுமில்ல" என்றான் சிவனாண்டி. கூட்டம் மூச்சு விட்டது.

சங்கிலிக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டா, எங்க கல்யாணத்துக்கே இவ அம்பத்தெட்டுதாண்டா சொன்னா! நான் தாலி கட்டலியா? அதவிட ஆறு கூடச் சொல்றா. எந்திரிச்சு வாங்கடா!"

"அது கல்யாணம்ணே" என்றான் சிவனாண்டி பொறுமையாக. "இது உசுரு. உசுரு விசயத்துல நூறு இல்லாம எப்பிடி எந்திரிக்க?"

கூட்டம் அதை ஒத்துக்கொண்டது.  சங்கிலி பாயைச் சுருட்டினான். பூவழகியின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். இருவரும் வடக்குப் பொந்தைப் பார்த்து நடந்தார்கள். அவள் கால் இன்னும் விந்தியது.

"இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டான்.

"தொண்ணூத்தி மூணு."

"நான் பாத்திரம் கழுவலையே?"

அவர்கள் போவதைப் பெருமாயி பார்த்தாள். "மறுபடியும் என்னமோ சண்டை போல" என்றாள். குளிக்கப் போக வேண்டும், அதற்குமுன் தொப்பியை வரிசையில் வைத்துவிட்டுப் போகலாம் என்று குனிந்தாள். ஏழாம் ஷட்டர் முன்னால் அன்றைக்கும் தொப்பிகள் கோடி வரைக்கும் இருந்தன. எதற்கு என்று யாருக்கும் தெரியாது, ஒருநாள் திறந்தாலும் திறக்கலாம்.

அவள் தொப்பியின் மேல் கூரையிலிருந்து பொடிமண் உதிர்ந்திருந்தது. பெருமாயி அதை வாயால் ஊதித் தட்டினாள். இடம் போய்விடாமல், பார்த்துப் பதனமாக வைத்தாள்.